போர்முனையிலிருந்து கிராமிய வைத்தியசாலை வரை: மனவடுச் சிகிச்சையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

நோய்களின் வரலாற்றை மருத்துவர்களே எழுதவேண்டும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். கிருமியொன்று கண்டறியப்பட்ட ஆண்டு, மருந்தொன்று ஆக்கப்பட்ட ஆண்டு என்றவாறு அவ்வரலாறு அமையுமாயின் அவ்வெண்ணத்திற் தவறில்லை. ஆயின் சில நோய்களைப் பொறுத்தவரை அவற்றுக்குப் பெயரிடுவதே ஒரு சமூக நிகழ்ச்சியாகும். அப்பெயர் யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது, பெயரிட்ட பின்னர் யார், எங்கு வைத்து, எந்நோக்கத்துக்காகச் சிகிச்சை செய்தனர் ஆகிய வினாக்களுக்கு விடைகாண முற்படும்போது மருத்துவ வரலாறு சமூக வரலாறாக மாறிவிடுகின்றது. போர், வன்முறை, பேரழிவு ஆகியவற்றுக்கு உட்பட்டோரிடம் காணப்படுவதும், யாழ்ப்பாணத்து உளமருத்துவ எழுத்துகளில் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என வழங்குவதுமான நோய் இவ்வகையினது.

இந்நோயைச் சிறப்பு வைத்தியசாலைகளில் மட்டுமன்றி ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு நிலையங்களிலும், அதாவது மக்கள் முதன்முதலில் நாடிச் செல்லும் மருந்தகம், கிராமிய வைத்தியசாலை, வெளிநோயாளர் பிரிவு ஆகியவற்றிலும், இனங்கண்டு கையாளவேண்டும் என்னும் கருத்து இந்நூற்றாண்டில் வலுப்பெற்று வந்துள்ளது. இக்கருத்து சரியானது என்றே நாம் கருதுகின்றோம். எனினும், துன்புறுவோனுக்கு அண்மையில் வைத்தே சிகிச்சை செய்தல் என்னும் கொள்கைக்கு ஒன்றோடொன்று முரணான இரு பிறப்புகள் உண்டு. ஒன்று படைமுகாமிற் பிறந்தது. மற்றையது மக்கள் நலக் கோரிக்கையிற் பிறந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவிடத்து, அண்மை என்னும் சொல் எவருடைய தேவைக்கு அண்மை என்பதை நாம் மறந்துவிட நேரும். அவ்விரு மரபுகளையும் சுருக்கமாக எடுத்துக்காட்டி, இலங்கையின் வடபுலத்தில் அவை எதிர்ப்படும் நிலையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இந்நோயின் முன்வரலாறு போர்க்களத்தில் அன்றிப் புகையிரதப் பாதையிலேயே தொடங்குகின்றது. கைத்தொழிற் புரட்சி தோற்றுவித்த புதிய வேகத்துடன் புதியவகை விபத்துகளும் தோன்றின. உடலிற் காயமெதுவும் புலப்படாதபோதும் நடுக்கம், நித்திரையின்மை, வேலைசெய்ய இயலாமை ஆகியவற்றால் வருந்தியோரைப் பற்றி ஜோன் எரிக்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1866 இல் நூலொன்றை வெளியிட்டார். முள்ளந்தண்டு அதிர்ச்சியடைந்தமையே இதற்குக் காரணமென அவர் கருதினார். அவ்விளக்கம் நிலைக்கவில்லை. ஆயினும் புகையிரதக் கம்பனிகளுக்கு எதிரான இழப்பீட்டு வழக்குகளில் அந்நூல் பெரிதும் எடுத்தாளப்பட்டது.

ஜேர்மனியில் நிகழ்ந்தது இதனிலும் தெளிவானது. தொழிலாளர் இயக்கத்தின் வளர்ச்சியை எதிர்கொள்ளும் பொருட்டு பிஸ்மார்க்கின் ஆட்சி 1884 இல் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1889 இல் ஹேர்மன் ஒப்பன்ஹைம் என்னும் நரம்பியல் மருத்துவர் 'அதிர்ச்சி நரம்புநோய்' பற்றிய நூலை வெளியிட்டார். தொழிற்சாலை விபத்தின் பின் உளந்தளர்ந்த தொழிலாளி இழப்பீடு பெறுவதற்கு வழி திறந்தது. முதலாளிகளும் அவர்கள் சார்பான மருத்துவர்களும் இதனை வன்மையாக எதிர்த்தனர். தொழிலாளியை வருத்துவது விபத்தன்று, ஓய்வூதிய ஆசையே என்பது அவர்களது வாதம். இறுதியில், 1926 இல், காப்புறுதி உயர்பீடம் இத்தகைய நோய்க்கு இழப்பீடு இல்லையெனத் தீர்ப்பளித்தது. உழைப்பாளியின் நடுக்கம் நோயா, நடிப்பா என்னும் வினா, அதற்கான செலவை யார் ஏற்பது என்னும் வினாவிலிருந்து ஒருபோதும் பிரிந்து நிற்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

3

முதலாம் உலகப்போர் இவ்வினாவைப் பல்லாயிரக்கணக்கான படையினர்மீது எழுப்பிற்று. 1915 இல் சாள்ஸ் மையர்ஸ் என்னும் உளவியலாளர் லான்செற் மருத்துவ இதழில் 'எறிகணை அதிர்ச்சி' என்னும் தொடரைப் பயன்படுத்தினார். எறிகணை வெடிப்பினால் மூளை குலுங்குவதே காரணம் எனத் தொடக்கத்திற் பலர் நம்பினர். ஆனால் வெடிப்புக்கு அருகிற் செல்லாதோரிடமும் அதே குறிகள் தென்பட்டன. பேச்சிழந்தோர், காலிழந்தோர்போல் நடையிழந்தோர், பார்வையிழந்தோர் ஆகியோர் அணிஅணியாகப் பின்தளம் வந்தபோது பிரித்தானிய இராணுவம் அவர்களை இரு வகையினராகப் பிரித்தது. எதிரியின் எறிகணையால் நேரடியாகத் தாக்குண்டவன் காயமுற்றவன். அவனுக்குக் காயப்பட்டிகையும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. ஏனையோன் நோயாளி மட்டுமே. 1917 இல் போர்முனை மருத்துவர்கள் 'எறிகணை அதிர்ச்சி' என்ற தொடரை எழுதுவதே தடைசெய்யப்பட்டு, 'இன்னும் நோய் நிர்ணயிக்கப்படாதது' என்ற பொருள்படும் குறிப்பொன்று நடைமுறைக்கு வந்தது. பெயர் ஓர் உரிமையாகிவிடும் என்ற அச்சமே இதற்குப் பின்னால் இருந்தது.

இந்தச் சூழலிலேயே அண்மைச் சிகிச்சை என்னும் கொள்கை முதலில் உருப்பெற்றது. பிரெஞ்சு, பிரித்தானியப் படைகளின் அனுபவத்தை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவரான தோமஸ் சமண், 1917 இல் தமது அறிக்கையைச் சமர்ப்பித்தார். உளந்தளர்ந்த படைவீரனைத் தொலைவிலுள்ள வைத்தியசாலைக்கு அனுப்பலாகாது. பீரங்கி ஒலி கேட்கும் தூரத்திலேயே, தாமதமின்றி, அவன் விரைவில் அணிக்குத் திரும்புவான் என்ற எதிர்பார்ப்புடன் சிகிச்சை செய்யவேண்டும் என்பதே அம்முறையின் சாரம். அண்மை, உடனடித்தன்மை, எதிர்பார்ப்பு எனப் பிற்காலத்தோர் சுருக்கிக் கூறிய இம்மூன்றும் இன்றும் இராணுவ உளமருத்துவத்தின் அடிப்படைகளாகக் கொள்ளப்படுகின்றன. ஓய்வு, உணவு, நித்திரை, ஆறுதல் ஆகியன உடனே கிடைத்ததாற் பலர் தேறினர் என்பதை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் தேறியவன் எங்கு அனுப்பப்பட்டான் என்பதையும் கேட்கவேண்டும். அவனை நோயுறச் செய்த அதே பதுங்குகுழிக்கே அவன் திரும்பினான். சிகிச்சையின் வெற்றி, அணிக்கு மீண்டோர் தொகையால் அளவிடப்பட்டது.

இச்சிகிச்சையின் வர்க்க இயல்பும் வெளிப்படையானது. அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் 'நரம்புத் தளர்ச்சி' என்றும், சாதாரணச் சிப்பாய்களுக்கு 'ஹிஸ்ரீரியா' என்றும் நோய் குறிக்கப்பட்டது. இலண்டன் குயீன் சதுக்க வைத்தியசாலையில் லூயிஸ் யீலண்ட் பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்த காலத்திலேயே, எடின்பரோவுக்கு அண்மையிலிருந்த கிரெய்க்லொக்காட் வைத்தியசாலையில் அதிகாரிகளின் கனவுகளை டபிள்யூ. எச். ஆர். றிவேர்ஸ் பொறுமையுடன் கேட்டுக்கொண்டிருந்தார். நீலகிரித் தோடரைப் பற்றி 1906 இல் நூலெழுதிய மானிடவியலாளரும் இவரே. நினைவை அடக்குவதே நோயை வளர்க்கின்றது என்ற இவரது கருத்து இன்றைய உளச்சிகிச்சை முறைகள் பலவற்றுக்கு முன்னோடியாகும். 1917 இல் போரைத் தொடர்வதற்கு எதிராகப் பகிரங்க அறிக்கை விடுத்த கவிஞர் சீக்பிரைட் சசூன் இராணுவ நீதிமன்றத்துக்கு அன்றி இவரது வைத்தியசாலைக்கே அனுப்பப்பட்டார். அரசியல் எதிர்ப்பொன்று நோயாக மாற்றப்பட்டமைக்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை. ஆயினும் அவ்வாறு நோயாளியாக்கப்படுவதும் அதிகாரி வகுப்பினரின் சலுகையாகவே இருந்தது. அப்போரில் பிரித்தானிய, குடியேற்ற நாட்டுப் படைகளைச் சேர்ந்த 306 பேர் படைவிட்டோடல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகத் தம் படையினராலேயே சுடப்பட்டனர். அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட 2006 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

4

போர் முடிந்தபின் இவ்வறிவு மறக்கப்பட்டது. அடுத்த போரில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 1952 இல் கடும் நெருக்கீட்டு எதிர்வினைக்கு இடமளித்து, 1968 இல் அதனை நீக்கிவிட்டது. அவ்வாண்டில் வியட்நாம் போர் உச்சநிலையில் இருந்தது என்பது கவனத்துக்குரியது. அந்நீக்கத்தை மாற்றியமைத்தது ஆய்வுகூடமன்று. போரெதிர்ப்பு இயக்கத்தில் இணைந்த முன்னாட் படைவீரர்கள் 1970 அளவில் நியூயோர்க்கில் கூடித் தமக்குள் பேசத் தொடங்கினர். ரொபேட் லிப்டன், சைம் சற்றான் ஆகிய உளமருத்துவர்கள் அவர்களுடன் அமர்ந்து செவிமடுத்தனர். அதே காலப்பகுதியில் பெண்நிலை இயக்கங்கள் பாலியல் வன்முறையின் உளவிளைவுகளைப் பேசுபொருளாக்கின. இவ்விரு நீரோட்டங்களும் சேர்ந்தே 1980 இல் இந்நோய்க்கு அதன் இன்றைய பெயரைப் பெற்றுக்கொடுத்தன. உளவடு பற்றிய அறிவு அரசியல் இயக்கத்தின் துணையுடன் மட்டுமே வளர்கின்றது என ஜூடித் ஹேர்மன் 1992 இல் எழுதியமை இவ்வரலாற்றின் பிழிவாகும்.

குடியேற்ற நாடுகளின் நிலை வேறு. அல்ஜீரியாவில் பிளிடா வைத்தியசாலையில் 1953 முதல் 1956 வரை பணியாற்றிய பிரான்ஸ் பனான், சித்திரவதைக்கு உட்பட்டோருக்கும் சித்திரவதை செய்த பொலிசாருக்கும் சிகிச்சையளிக்க நேர்ந்தது. மனிதரைத் தம் சூழலிலிருந்து அந்நியராக்காதிருக்க உதவுவது உளமருத்துவமாயின், முழு மக்களையும் சொந்த மண்ணில் அந்நியராக்கிய ஆட்சியின்கீழ் அதனைச் செய்தல் இயலாது என்ற முடிவுக்கு வந்து அவர் பதவி துறந்தார். ஆனால் அவர் மருத்துவத்தைத் துறக்கவில்லை என்பதை நம்மிற் சிலர் கவனிப்பதில்லை. துனிஸ் நகரில், நோயாளர் பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் உளமருத்துவப் பிரிவொன்றை அவர் நடத்தினார். நோயாளி தன் குடும்பத்தோடும் தொழிலோடும் கொண்ட தொடர்பு அறுபடாதவாறு சிகிச்சை நிகழவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. இங்கும் அண்மையே வலியுறுத்தப்படுகின்றது. ஆனால் இது படையணிக்கு அண்மையன்று, வாழ்க்கைக்கு அண்மை.

5

இந்த இரண்டாவது அண்மைக்கு உலகளாவிய கொள்கை வடிவம் அளித்தது 1978 செப்ரெம்பரில் சோவியத் கசாக்ஸ்தானின் அல்மா அற்றா நகரில் நடைபெற்ற மாநாடாகும். 134 நாடுகளின் பேராளர் அதிற் பங்குபற்றினர். ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என அம்மாநாடு கருதியது மலிவான மருத்துவத்தையன்று. உணவு, குடிநீர், கல்வி, மக்கள் பங்கேற்பு ஆகியனவும், நாடுகளுக்கு இடையிலும் நாடுகளுக்கு உள்ளும் நிலவும் சமத்துவமின்மையை ஒழித்தலும் அதன் பாகங்களாயிருந்தன. ஓராண்டு செல்லுமுன்பே இதற்கு மாற்றாகத் 'தெரிந்தெடுத்த' ஆரம்ப சுகாதாரம் என்னும் கொள்கை முன்வைக்கப்பட்டது. குறைந்த செலவில் அளவிடத்தக்க பயன் தரும் சில நடவடிக்கைகளை மட்டும் தெரிந்துகொள்வதே அதன் சாரம். சமூக மாற்றம் என்னும் பகுதி அவ்வாறே கழன்றுபோயிற்று.

இலங்கையர்க்கு அல்மா அற்றாவின் கருத்துகள் முற்றிலும் புதியனவல்ல. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. மருத்துவ மாதர் வீடுதேடிச் செல்லும் முறைமை அதன்வழி பரவிற்று. 1934, 35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரவரைப் பலிகொண்டபோது, சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இடதுசாரி இளைஞர் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்துடன் சென்றனர். அவ்வியக்கத்தின் தோற்றமும் நம் பொருளோடு தொடர்புடையதே. முதலாம் உலகப்போரில் ஊனமுற்றோருக்கென விற்கப்பட்ட பொப்பி மலரின் வருவாய் பெரும்பாலும் பிரித்தானியாவுக்கே செல்வதை எதிர்த்து, உள்ளூர் முன்னாட் படைவீரருக்காகச் சூரிய மலர் விற்கும் முயற்சியாகவே அது தோன்றியது. கிராமங்களுக்குச் சென்றோர் விரைவில் ஓர் உண்மையை உணர்ந்தனர். பசியால் வாடிய உடலுக்குக் குயினைன் மட்டும் போதாது. மருந்துடன் உணவும் கொடுக்கவேண்டும். உணவில்லாமைக்குக் காரணம் கேட்டபோது அவர்கள் அரசியலுக்கு வந்து சேர்ந்தனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானமைக்கு இவ்வனுபவமும் ஒரு பின்னணியாகும். ஆயினும் அரசியலைக் கண்டுகொண்டமையால் அவர்கள் குயினைன் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை.

6

மூன்று தசாப்தப் போர், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய சுனாமி, 2009 மே மாதத்தில் முடிவுற்ற இறுதிப்போர் ஆகியவற்றுக்கு உட்பட்ட வடபுலத்தில் மேற்கூறிய வரலாறு முழுவதும் ஒருங்கே எதிர்ப்படுகின்றது. போர்க்காலத்தில் உளமருத்துவ நிபுணர் ஓரிருவரே இருந்த நிலையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரைச் சார்ந்தோரும் ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், சுகாதாரப் பணியாளர் முதலியோருக்குப் பயிற்சியளித்து உளவளத்துணைப் பணியைப் பரப்பினர். இது பற்றாக்குறையிற் பிறந்த முறையாயினும், கோட்பாட்டளவில் அல்மா அற்றாவுக்கு நெருங்கியது. தனியாளிடம் காணும் நோய்க்குறிகளோடு நின்றுவிடாமல், நம்பிக்கையின்மை, மௌனம், உறவுகளின் சிதைவு எனச் சமுதாயமே அடைந்த வடுவை அவர் 'கூட்டு மனவடு' எனப் பெயரிட்டு ஆராய்ந்தமை உலக உளமருத்துவத்துக்கு இம்மண் அளித்த பங்களிப்பாகும். 2005 இன் தேசிய உளநலக் கொள்கை உளநல சேவைகளை மாவட்ட மட்டத்துக்கு இறக்கியதும், உளநலத்துக்கென மருத்துவ அலுவலர் பயிற்றப்பட்டதும் இதற்குத் துணைபுரிந்தன.

போர் முடிந்த உடனடிக் காலத்தில், 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை, யாழ் மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2011 இல் வெளியான ஆய்வொன்று, மனவடு நோயின் குறிகள் நூற்றுக்கு 7.0 பேரிடமும், மனச்சோர்வின் குறிகள் 22.2 பேரிடமும், பதகளிப்பின் குறிகள் 32.6 பேரிடமும் உள்ளனவெனக் காட்டிற்று. இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடம் இவை மேலும் அதிகமாயிருந்தன. மனவடு நோயை மட்டும் தேடும் படிவம், துன்புறுவோரிற் பெரும்பாலோரைக் காணாது விட்டுவிடும் என்பதற்கு இவ்வெண்களே சான்று.

மேலும், அவர்கள் நோயின் பெயரோடு வைத்தியசாலைக்கு வருவதில்லை. தலையிடி, நெஞ்சுநோ, உடல் உளைவு, நித்திரையின்மை என்றே வருகின்றனர். 'யோசனை', 'ஏக்கம்', 'பெருமூச்சு' ஆகிய சொற்களைப் பேச்சுமொழி எனத் தள்ளிவிடும் மருத்துவம், நோயாளி கூறும் வரலாற்றின் முதல் வாக்கியத்தையே தவறவிடுகின்றது. இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்திற் கூறத்தக்கது ஒன்றுண்டு: சொல் வெறும் குறியீடன்று, அது வாழ்ந்த வாழ்க்கையின் படிவு. பெருமூச்சு என்பது நுரையீரலின் செயலாக மட்டும் எம்மொழியில் ஒருபோதும் இருந்ததில்லை.

நெருக்கடி மிகுந்த வெளிநோயாளர் பிரிவிற் சில நிமிடங்களில் நோவுக்குப் பரசிற்றமோலும் நித்திரைக்கு டயசிப்பாமும் எழுதிக்கொடுப்பது எளிது. ஆனால் உலக சுகாதார தாபனம் 2013 இல் வெளியிட்ட நெறிமுறைகள், கொடுநிகழ்வுக்குப் பிந்திய முதல் மாதத்தில் எழும் குறிகளுக்கு டயசிப்பாம் வகை மருந்துகளைக் கொடுக்கலாகாது எனக் கூறுகின்றன. மனவடு நோயிலும் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் முதற் சிகிச்சையாகக் கொள்ளப்படவில்லை, உளச்சிகிச்சைக்கே முதலிடம். அச்சமூட்டிய நிகழ்வு மீளமீள நினைவில் அல்லது கனவில் எழுதல், அதனை நினைவூட்டுவனவற்றைத் தவிர்த்தல், எந்நேரமும் திடுக்கிட்ட விழிப்பு ஆகிய மூன்றும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து நாளாந்த வாழ்வைக் குலைக்கின்றனவா என வினவுதல், மனச்சோர்வு, மதுப்பழக்கம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றை ஆராய்தல், இது பைத்தியமன்று, கொடுமைக்கு உடலும் உள்ளமும் காட்டும் எதிர்வினை என விளக்குதல், நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தாதிருத்தல், உறவினரோடும் வழமையான வேலைகளோடும் மீள இணைத்தல், மீண்டும் வரச்செய்தல், கடுமையான நிலையில் நிபுணரிடம் அனுப்புதல் ஆகியன கிராமிய வைத்தியசாலையில் இயலக்கூடியவையே. முறையான பயிற்சியும் மேற்பார்வையும் கிடைப்பின், நிபுணரல்லாத பணியாளரும் ஒழுங்கமைந்த உளச்சிகிச்சையை வழங்கலாம். ஒருநாட் கூலியை இழந்து, பஸ் ஏறி மாவட்ட வைத்தியசாலைக்குச் செல்ல இயலாத பெண்ணுக்கு இதுவே கிடைக்கத்தக்க ஒரே சிகிச்சையாகும்.

7

இவ்விடத்தில் இரு தவறான நிலைப்பாடுகளைச் சுட்டவேண்டியுள்ளது. முதலாவது, சிகிச்சையையே தீர்வாகக் கொள்ளும் நிலைப்பாடு. சுனாமியின் பின்னர் அந்நிய ஆலோசகர் பலர் மொழியறியாது வந்திறங்கிக் குறுகியகாலப் பயிற்சிகளை நடத்திச் சென்றமை இதன் வெளிப்பாடே. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் நித்திரையின்றி இருப்பது உண்மை. ஆனால் அவள் கேட்பது நித்திரையை மட்டுமன்று. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது விடையை. அக்கேள்வியை நோய்க்குறியாக எழுதுவது சசூனுக்குச் செய்ததையே மீண்டும் செய்வதாகும். நுண்கடன், காணியிழப்பு, வேலையின்மை ஆகியன நாள்தோறும் புதுப்பிக்கும் நெருக்கீட்டைப் 'பிற்பட்டது' என அழைப்பதும் பொருந்தாது. 2009 இன் பின்னர் வன்னியில் உளசமூகப் பணிகளுக்கு அனுமதி எளிதிற் கிடைக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். செவிமடுத்தல் சாட்சியமாகிவிடலாம் என்பதை அதிகாரம் நன்கறியும்.

இரண்டாவது நிலைப்பாடு நம்மவரிடையே காணப்படுவது. துன்பத்தின் காரணம் சமூக அமைப்பாதலின் சிகிச்சை ஒரு மயக்கமருந்து; அமைப்பு மாறும்போது நோயும் மறையும் என்பது அது. இது மார்க்சியத்தின் பெயரால் கூறப்படும் இயந்திரவாதமாகும். சமூகத்தில் தோன்றும் துன்பம் தனிமனித உடலிலேயே அனுபவிக்கப்படுகின்றது. இரவில் அலறி விழிப்பவனை வரலாற்றின் அடுத்த கட்டம்வரை காத்திருக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அவன் தேறினால் அன்றித் தன் உரிமைக்காகப் பேசவும் அவனால் இயலாது. பனான் இதனை அறிந்திருந்தார். மலேரியாக் கிராமங்களுக்குச் சென்ற இளைஞரும் அறிந்திருந்தனர்.

ஆகவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனவடுச் சிகிச்சை இடம்பெறவேண்டும் என்னும் கோரிக்கையை முற்போக்காளர் தமதாக்கிக் கொள்ளவேண்டும். பயிற்சியும் நேரமும் இரகசியம் காக்கும் தனியறையும் கேட்கவேண்டும். அதேவேளை, அச்சிகிச்சையின் வெற்றியை எதைக்கொண்டு அளவிடுவது என்னும் வினாவையும் கைவிடலாகாது. 1917 இன் அளவுகோல், எத்தனை பேர் மீண்டும் அணிக்கு அனுப்பப்பட்டனர் என்பது. இன்று அணியின் இடத்தை ஆடைத்தொழிற்சாலையும் கடன் தவணையும் எடுத்துக்கொள்ளலாம். அல்மா அற்றாவின் அளவுகோல் வேறு. நோயுற்றவர் மீண்டும் செல்லும் வீடும் ஊரும் மனிதர் வாழத்தக்கனவாக உள்ளனவா என்று அது கேட்டது. மருந்துச்சீட்டு எழுதப்படும் மேசையிலேயே இவ்வினாவும் எழுப்பப்படும்போதுதான் கிராமிய வைத்தியசாலை போர்முனைச் சிகிச்சைக் கூடாரத்தினின்றும் வேறுபட்டதாகும்.